ரெண்டடி அகலம்

நடப்பது என்றால் அவளுக்கு ஆகாது. கால் வலி ஒன்றும் இல்லை. நடந்து போனால் ஊர் நகராமல் அப்படியே நிற்கிறது என்பாள். எங்கள் வீட்டிலிருந்து கிணற்றுக்கு முப்பது அடி இருக்கும். அதற்கும் சைக்கிள்தான். குடத்தைக் கேரியரில் வைத்துக் கயிறு கட்டி, ஏறி, நாலு மிதி மிதித்து, இறங்கி, ஸ்டாண்டு போட்டு, கயிற்றை அவிழ்ப்பாள். அதற்குள் நான் இரண்டு குடம் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றிவிட்டிருப்பேன்.

"நீ சீக்கிரம் வந்துட்ட, சரி. வழியில எதாச்சும் பாத்தியா?" என்று கேட்பாள்.

கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் பார்க்க என்ன இருக்கிறது. ஒரு முருங்கை மரமும் துவைக்கிற கல்லும்தான். அந்த முருங்கையை அவள் ஏழு முறை வரைந்திருக்கிறாள். ஏழிலும் அது எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருக்கும்.

தேன்கனிக்கோட்டையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் இருந்த காலம். நான் எலிமெண்டரி பள்ளிக்கூட டீச்சர், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள், வயது இருபத்திரண்டு. அவள் சர்க்கார் பிரசவ நர்ஸ், தர்மபுரிக்காரி, என்னைவிட ஆறு வயது பெரியவள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஜோசியர் சொன்ன எழுத்துக்காக வைத்துவிட்ட பெயர் என்று அவளுக்கே அதன்மேல் வருத்தம் உண்டு. ஊருக்கு அவள் நர்சம்மா, எனக்கு அக்கா. மரியாதையாக ‘அவர்’ என்று எழுதலாம்தான். எழுதினால், "யாருடி அந்தப் பெரிய மனுசி?" என்று கேட்பாள்.

சைக்கிள் அவளுக்கு வந்தது பெங்களூர் கண்டோன்மென்ட்டிலிருந்து. சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாளாம். நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். பின்சக்கரத்தில் கவுன் மாட்டாமல் இருக்க வலை, முன்னால் பிரம்புக் கூடை. அக்கா அதை வாங்கிவிட்டாள். ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் போட்டால் கீறல் விழும் என்று, அப்போது அவள் வேலையில் இருந்த ஓசூர் வரைக்கும் இரண்டு நாள் தள்ளிக்கொண்டே வந்தாள். தன் ஆயுசுக்கு நடக்க வேண்டிய நடையெல்லாம் அந்த இரண்டு நாளில் நடந்து தீர்த்துவிட்டதாகச் சொல்வாள்.

ஓசூருக்கு வந்து கூடையைத் துடைத்தபோது, அடியில் விரித்திருந்த பழைய பேப்பருக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்திருக்கிறது. திறந்தால் பன்னிரண்டு வில்லை வாட்டர் கலர், இரண்டு பிரஷ். திருப்பிக் கொடுக்க மறு வாரம் பஸ் ஏறிப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. வெள்ளைக்காரம்மா கப்பல் ஏறியிருந்தாள்.

ஆக, படம் வரைவது அவளுக்குச் சைக்கிளோடு வந்த ஒரு சாமான், காற்றடிக்கிற பம்பு மாதிரி. யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டையும் பிரிக்கவும் அவளுக்குத் தெரியாது. ஒருமுறை நான் ஆசைப்பட்டு, "அக்கா, பேட்டராய சுவாமி கோயில வரைஞ்சு குடேன், எங்க அம்மாவுக்கு அனுப்பறேன்" என்று கேட்டேன்.

"கோயிலுக்குள்ள சைக்கிள் வுட மாட்டாங்களேடி" என்றாள்.

அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. சைக்கிளில் போகாத இடம் அவள் கைக்கு வராது. மலை, குளம், பூச்செடி, மனிதர் முகம் என்று மற்றவர்கள் வரைகிற எதையும் அவள் நின்று பார்த்து வரைந்ததில்லை. ஓட்டிக்கொண்டு வருவாள். எங்கேயாவது ஒரு இறக்கம் முடிகிற இடத்தில் மனசு நிறைந்துவிட்டால், அடுத்த மரத்தடியில் இறங்கி, என் பள்ளிக்கூடத்திலிருந்து காணாமல் போன பரீட்சை அட்டையை மடியில் வைத்து, பாட்டில் தண்ணீரில் பிரஷை நனைத்து, இப்போது கடந்து வந்தது எப்படி இருந்தது என்று போடுவாள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஈரம் காயும்வரை உட்கார்ந்திருக்கப் பொறுமை கிடையாது. அட்டையோடு கூடையில் நிறுத்திக் காற்றில் காயவைத்துக்கொண்டே மிதிப்பாள். காற்று கலரை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். அதனால் அவள் படங்களில் மரம், கம்பம், எருமை, மனிதர் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கும்.

கெலமங்கலம் ஏற்றத்தை வரைந்தது என்று ஒரு படம் காட்டினாள். படம் முழுக்கச் சரளைக் கல். கீழே நடுவில் ஒரு மட்கார்டு.

"ஏத்தம் எங்கக்கா?"

"ஏத்தத்துல தல குனிஞ்சிதான இருக்கும். வேற என்னா தெரியும்?"

இன்னொரு நாள் காட்டுப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, பொழுது சாய்கிற நேரத்தில், மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தாள். உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டாள். செம்மண் பாதை, சீப்பால் வாரிவிட்டது போல மரங்கள், கீழ் மூலையில் கட்டைவிரல் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு.

"இதென்னக்கா, மை சிந்திடுச்சா?"

"யானை."

"யானை இத்தனூண்டா?"

"நான் திரும்பிப் பாத்ததே ஒரு தரம்தான்டி. அதுக்குள்ள அது அவ்ளோ தூரத்துல."

மறுநாள் காட்டிலாகா கார்டு வந்து சொன்னார். யானை யாரையும் துரத்தவில்லை, ராகித் தட்டையைத் தின்றுகொண்டு நின்ற இடத்திலேயே நின்றதாம். அக்கா விடவில்லை. "தொரத்தலன்னு அதுக்குத் தெரியும். எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள்.

அவளோடு ஊர் சுற்றியதில் எனக்குக் கிடைத்த காட்சி ஒன்றே ஒன்றுதான், அவளுடைய முதுகு. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவாள். வெள்ளைப் புடவை, ரவிக்கையோடு சேர்த்துக் குத்திய ஊக்கு, வியர்வையில் நனைந்த பின்னல். "பாரு, பாரு" என்று அவள் சொல்லி நான் எட்டிப் பார்ப்பதற்குள் அது போய்விட்டிருக்கும். வீட்டுக்கு வந்து அவள் வரைந்து காட்டிய பிறகுதான் நான் எங்கே போய்வந்தேன் என்பதே எனக்குத் தெரியும். அதுவும் சாய்வாக.

விளையாட்டெல்லாம் திரும்பி வரும்போதுதான். பிரசவத்துக்கு ஆள் வந்து கூப்பிட்டால் அவள் வேறு மனுஷி. பையைக் கூடையில் போடுவாள், ஏறுவாள், போய்விடுவாள். போகிற வழியில் வானவில்லே இறங்கி வந்து குறுக்கே நின்றாலும் மணியடித்து ஒதுங்கச் சொல்வாள் என்று நான் கேலி செய்வேன். "போவும்போது எனக்குக் கண்ணு கெடயாது. சக்கரம் மட்டும்தான்" என்பாள். குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால், திரும்புகிற வழியில் அந்தப் பாதையை வரைவாள். மூன்றாம் நாள் பார்க்கப் போகும்போது படத்தைக் கொண்டுபோய் அந்தத் தாயிடம் கொடுப்பாள். இது உன் பிள்ளை பிறந்த அன்றைக்கு உன் வீட்டுக்கு வந்த ரோடு என்று அர்த்தம்.

வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்த அர்த்தம் பிடிபடவில்லை. "கொழந்தய வரைவீங்கன்னு பாத்தா, வெறும் ரோட்ட வரைஞ்சிருக்கீங்களே" என்று ஒரு தாய் கேட்டே விட்டாள். இருந்தாலும் சர்க்கார் நர்சம்மா கொடுத்ததை எறிய முடியுமா. ஒரு வீட்டில் அது சாமி படங்களோடு சேர்ந்து குங்குமம் வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் பானையை மூடியிருந்தது. இன்னொரு வீட்டில் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள். ஆறு என்று நினைத்தோம் என்றார்கள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்படியும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

இப்படி அதிகமான படங்கள் போய்ச் சேர்ந்த ஊர் பள்ளக்கொட்டாய். ஓசூர் ரோட்டிலிருந்து கீழே இறங்கினால், ஏரிக்கு அந்தாண்ட முப்பது வீடு. எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மெயின் ரோட்டுக்கும் ஊருக்கும் நடுவில் ராகி விதைக்கிற ஒரு பெரிய கொல்லை, அதற்குள் ஒற்றையடிப் பாதை. கொல்லை மேலூர்க்காரர் ஒருவருடையது. பள்ளக்கொட்டாயில் பாதிப் பேர் அவரிடம்தான் வேலை செய்தார்கள், எசமான் என்பார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

அக்கா வருவதற்கு முன்னால் அந்தப் பாதையில் யார் போனார்கள், வந்தார்கள் என்று எசமான் கண்டுகொண்டதில்லை. வந்த பிறகு, ஒரு சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து கூடவே ஓட ஆரம்பித்தார்கள். ஒற்றையடிப் பாதையில் இருபது பிள்ளைகள் எப்படி ஓடும். பாதையில் சைக்கிள் ஓடும், ராகிப் பயிரில் பிள்ளைகள் ஓடும். அக்கா கையைக் காட்டிக் கத்துவாள், ஆனால் மணியடிப்பதை நிறுத்த மாட்டாள். மணி இல்லாமல் இறக்கத்தில் போவது உப்பில்லாமல் சாப்பிடுகிற மாதிரி என்பாள்.

இரண்டு வருஷம் எசமான் பொறுத்தார். மூன்றாம் வருஷம் ஆனி மாதம் முதல் மழை பெய்ததும், பாதையையும் சேர்த்து உழச் சொல்லிவிட்டார். கொல்லையைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார்.

இனி பள்ளக்கொட்டாய்க்குப் போக வேண்டுமானால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு இரண்டரை மைல் போக வேண்டும். கரை முழுக்கக் கல்லும் கருவேல முள்ளும். நடுவில் ஏரித் தண்ணீர் வழிகிற கலங்கல், அங்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். அக்கா ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பாதி தூரம் நடை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து படமும் வரையவில்லை, என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை. குளித்துவிட்டு வந்து சொன்னாள்.

"மாதம்மாவுக்கு இன்னும் இருவது நாளுதான்டி இருக்குது."

மாதம்மா பள்ளக்கொட்டாய்க்காரி, திம்மராயன் என்பவரின் மனைவி. அக்கா அந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிரசவம் ஆகியிருந்தது. இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. அவளுக்கு வலி எடுத்து, ஒரு ஆள் கரையைச் சுற்றி வந்து சொல்லி, அக்கா கரையைச் சுற்றிப் போய்ச் சேர்வது என்றால் அரை நாள் போய்விடும்.

அந்த வாரமே திம்மராயன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, "இருக்கட்டும்மா" என்றார்.

"தாசில்தாருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க டீச்சரம்மா. பாதைய வுடச் சொல்லி."

"எழுதித் தரேன். பாதைய உழுதது யாருன்னு கேப்பாங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தாங்க உழுதேன். எசமான் சொன்னா உழுதுதான ஆவணும்" என்றார்.

நான் எழுதிக் கொடுத்தேன். ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் நாலு பேர், மற்றவர்கள் கைநாட்டு. அக்காவும் கையெழுத்துப் போட்டாள். சர்க்கார் வேலையில் இருப்பவள் போடலாமா என்று நான் பயந்தேன். பயந்தபடியே எசமான் சந்தையில் அவளைப் பார்த்துச் சொன்னாராம், "ஏம்மா, சும்மா இருக்க மாட்டியா நீ? ஒரு வார்த்த சொன்னா உன்ன அஞ்செட்டிக் காட்டுக்கு மாத்திடுவாங்க" என்று.

"நீ என்னக்கா சொன்ன?"

"அங்க ரோடு எப்படீங்க இருக்கும்னு கேட்டேன்."

வேண்டுமென்றே அப்படிக் கேட்கவில்லை. அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எசமான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

பத்து நாளில் தாசில்தார் நேரில் விசாரிக்க வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மெலிந்த உடம்பு, கையில் பிரம்பு. எதைக் கேட்டாலும் முகம் மாறாது. கொல்லை ஓரத்துப் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் எசமானும் கர்ணமும். இன்னொரு பக்கம் பள்ளக்கொட்டாய் முழுவதும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் கேரியரில் வந்து சேர்ந்திருந்தேன்.

கர்ணம் கிராமத்து வரைபடத்தை விரித்துக் காட்டினார். அதில் பாதை இல்லை.

"நான் பாதைய மறிக்கலீங்க" என்றார் எசமான். "பாதைன்னு ஒண்ணு இருந்தாத்தான மறிக்கறதுக்கு? கூலிக்கு வர்ற ஜனங்க குறுக்கால நடந்தாங்க, நான் வேணாம்னு சொல்லல. இந்தம்மா சைக்கிள் எடுத்துட்டு வந்தாங்க, அதுக்குப் பொறவு எனக்கு வருசத்துக்கு நாலு மூட்டை ராகி போச்சு."

"பாதை இருந்ததுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?" என்று தாசில்தார் இந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

ஒரு பெண் எழுந்து ஊருக்குள் ஓடினாள். அவள் பின்னாலேயே நாலைந்து பேர் போனார்கள். திரும்பி வந்தபோது ஆளுக்கு ஒரு படம் வைத்திருந்தார்கள். பானையை மூடியிருந்தது, குங்குமம் பூசியது, புகை படிந்து மஞ்சளானது. மொத்தம் பதினோரு படம். தாசில்தார் காலடியில் பாய் விரித்து வரிசையாக வைத்து, காற்றில் பறக்காமல் மூலைக்கு மூலை கல் வைத்தார்கள். அக்கா முகத்தைப் பார்த்தேன். பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். திருடியவள் அகப்பட்டுக்கொண்ட மாதிரி நின்றாள்.

தாசில்தார் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிரம்பால் ஒரு படத்தைத் தொட்டார்.

"இது என்ன, ரோடு ஊதாவா இருக்கு?"

"மழைக்கு முந்தி அப்படி இருந்துச்சுங்க."

"மரமெல்லாம் ஏன் விழப் போற மாதிரி இருக்கு?"

"காயறதுக்குள்ள ஓட்டிட்டு வந்துட்டேங்க."

எசமானும் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுல என் கொல்லை எங்கங்க இருக்குது? பெங்களூரு மெயின் ரோடு கணக்கா இருக்குது. ரெண்டு லாரி எதுத்தாப்ல போவலாம்."

அவர் சொன்னது நிஜம். பதினோரு படத்திலும் பாதை அகலமாக, பளபளவென்று, காகிதத்தில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு கிடந்தது. நான் இவ்வளவு நாள் இதைக் கவனித்ததே இல்லை.

தாசில்தார் நிமிர்ந்தார். "உண்மையைச் சொல்லும்மா. இந்தப் படத்துல இருக்கிற மாதிரிதான் இங்க பாதை இருந்ததா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாதம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லீங்க" என்றாள் அக்கா. "ரெண்டடிதான் இருக்கும். எறங்கி வரும்போது எனக்கு அப்படித் தெரிஞ்சுது."

"கேட்டுக்கங்க" என்றார் எசமான்.

எனக்கு அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. தாசில்தார் பிரம்பை மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். அக்கா அதற்குள் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

"பாதை இருந்த எடம் எனக்குத் தெரியுங்க. ஓட்டிக் காட்டறேன். பாதை இருந்துச்சுன்னா சக்கரம் போவும். இல்லன்னா பொதஞ்சுடும்."

"ஓட்டட்டுங்க" என்றார் எசமான், சிரிப்பு அடங்காமல். "உழுத கொல்லையில எவ சைக்கிள் ஓட்டறான்னு நானும் பாக்கறேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீயும் ஏறு."

"நான் எதுக்கு? பாரம் அழுந்தாதா?"

"அதுக்குத்தான் ஏறச் சொல்றேன்."

அத்தனை பேர் பார்க்கிறார்கள். மறுத்தால் காரியம் கெடும். முள்ளை விலக்கினார்கள். நான் கேரியரில் பக்கவாட்டில் உட்கார்ந்து சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எதிரே வழக்கம்போல அவள் முதுகு. கீழே பார்த்தால் எங்கும் புதிதாக உழுத மண். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. எது பாதை, எது கொல்லை என்று எனக்குத் தெரியவில்லை. முதல் மிதியில் சைக்கிள் தள்ளாடியது. பிறகு, என்னாலேயே நம்ப முடியவில்லை, அது ஓடியது. மேலே மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது. அதற்குக் கீழே கெட்டி. சக்கரம் அந்தக் கெட்டியைத் தேடிப் பிடித்துக்கொண்டு போனது. கேரியரில் என் உடம்புக்கே அது தெரிந்தது.

பாதி வழியில் திடீரென்று முன்சக்கரம் சொத்தென்று இறங்கியது. பின்னால் எசமானின் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அக்கா காலை ஊன்றி நின்றாள். முதுகு மேலும் கீழும் ஏறி இறங்கியது. "இங்க ஒரு வளைவு இருந்துச்சு. மறந்துட்டேன்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. ஹேண்டில்பாரை ஒரு முழம் இடது பக்கம் திருப்பி மறுபடி மிதித்தாள். கெட்டி மண் மறுபடி கிடைத்தது. அதன் பிறகு பள்ளக்கொட்டாய் வரைக்கும் நிற்கவில்லை. கடைசி இறக்கத்தில், பழக்கம், அவள் கை மணியை அடித்துவிட்டது. அவ்வளவுதான். இருபது பிள்ளைகளும் கொல்லைக்குள் ஓடிவந்துவிட்டார்கள்.

"பாருங்க, இதத்தான் சொன்னேன்" என்று எசமான் அங்கிருந்து கத்தினார்.

தாசில்தார் எங்கள் டயர்த் தடத்தின் மேலேயே நடந்து வந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று பிரம்பை ஊன்றிப் பார்த்தார். தடத்தில் ஊன்றினால் இரண்டு விரல் இறங்கியது. ஓரடி தள்ளி ஊன்றினால் ஒரு சாண் இறங்கியது. எசமான் கூடவே வந்தார், அவரும் பார்த்தார். கடைசி முறை பிரம்பை அவரே வாங்கி ஊன்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பல வருஷம் ஆள் நடக்காம மண்ணு இப்படி ஆகாது" என்றார் தாசில்தார். தலையாரியைக் கூப்பிட்டு, டயர்த் தடத்துக்கு இரண்டு பக்கமும் கல் நடச் சொன்னார். அகலம் எவ்வளவு என்று தலையாரி கேட்டான். "அந்தம்மா சொன்ன ரெண்டடி" என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார், எசமானைப் பார்த்தார், அக்காவிடம் வந்தார். "பயிர் இருக்கிற மாசத்துல இந்தக் கொல்லைக்குள்ள மணி அடிக்கக் கூடாது. சம்மதமா?"

அக்கா மணியைப் பார்த்தாள். எசமான் மிரட்டியதை என்னிடம் வந்து சொன்னபோதுகூட அவள் முகம் அப்படி வாடவில்லை. "சரிங்க" என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு திம்மராயன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எங்களோடு ரோடு வரைக்கும் வந்தார். எசமான் கண்ணுக்கு மறைந்ததும் மெல்லச் சொன்னார், "உழச் சொன்னாரு, உழுதேன். பாதை வர்ற எடத்துல மட்டும் ஏர அமுக்கிப் புடிக்கலீங்க. சும்மா மேலால கீறிட்டுப் போனேன்."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நாளைக்கு யாருகிட்டம்மா ஏர் புடிக்கறது?" என்றார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் மாதம்மாவுக்கு வலி எடுத்தது. ஆள் ஓடிவந்து சொன்னபோது நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா பையைக் கூடையில் போட்டதைத்தான் பார்த்தேன். கல் நட்ட பாதையில் மணி அடிக்காமல் போயிருக்கிறாள். பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்து, ஒருவர் பின் ஒருவராக வரிசையாகப் பின்னால் ஓடினார்களாம். தொப்புள்கொடி மூன்று சுற்றாகக் கழுத்தைச் சுற்றியிருந்தது என்றும், இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சாயங்காலம் என்னிடம் சொன்னாள். பெண் குழந்தை. அழுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது, அழுத பிறகு நிறுத்தவில்லை.

இந்த முறை அவள் வழியில் இறங்கி வரையவில்லை. தாசில்தார் கேட்ட கேள்வி அவளுக்குள் தைத்துவிட்டிருந்தது. மறுநாள் என் பள்ளிக்கூட அடிக்கோலை வாங்கிக்கொண்டு போய்ப் பாதையை அளந்து வந்தாள். வீட்டில் மேஜைமேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, இரண்டு பக்கமும் உழுத கொல்லை, நடுவில் மண் நிறத்தில் ஒல்லியாக ஒரு பாதை, ஓரத்தில் கல் கல்லாக வரைந்தாள். மரங்கள் நேராக நின்றன. காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் வரைந்ததில் பார்த்தவுடன் இது இந்த இடம் என்று எனக்குப் புரிந்த ஒரே படம் அதுதான்.

"இப்பத்தான்க்கா பாதை மாதிரி இருக்குது" என்றேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மாதம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா குழந்தையைப் பார்த்தாள், தொப்புளைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். எல்லாம் முடிந்த பிறகு படத்தை எடுத்துக் கொடுத்தாள். மாதம்மா அதை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து நெடுநேரம் பார்த்தாள். அவள் முகம் சின்னதாகிவிட்டது.

"ஏன் மாதம்மா, புடிக்கலியா?"

"நல்லாத்தான் இருக்குது நர்சம்மா" என்று இழுத்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "ஊருல மத்த புள்ளைங்களுக்கெல்லாம் அம்மாம் பெரிய ரோடு போட்டுக் குடுத்தீங்க. எம் புள்ளைக்கு மட்டும் ஒத்தயடிப் பாதயா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவள் போய்க் கூடையிலிருந்து தகரப் பெட்டியை எடுத்து வந்தாள். மாதம்மாவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கினாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிரஷை நன்றாக நனைத்து, பென்சில் கோட்டின் மேலேயே ஊதாவைப் பூசிப் பாதையை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அகலப்படுத்த ஆரம்பித்தாள். நட்ட கல்லெல்லாம் முதலில் போயிற்று. மாதம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் குனிந்து, "இன்னங் கொஞ்சம், இன்னங் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காகிதத்தின் இரண்டு ஓரத்தையும் பாதை தொட்ட பிறகுதான் போதும் என்றாள். எசமானின் கொல்லைக்கு அதில் ஒரு விரல் இடம்கூட மிச்சமில்லை.